இரண்டாவதாகப் பார்த்த முதல் படம்

‘ரெட் ரோஸ்’ என்ற இந்திப் படம் எங்கள் வரிசைக்கு வந்தது 1986 மழைக்காலத்தில், தேய்ந்துபோன ஒரு வீடியோ கேசட்டாக. படம் தியேட்டருக்கு வந்து அப்போதே ஆறு வருடம் ஆகியிருந்தது. பம்பாய் சீத்தா கேம்ப்பில் எங்கள் கோலிக்கு, அதாவது ஒற்றை அறை வீட்டுக்கு, நாலு கோலி தள்ளி ஒரு தகர ஷெட். உள்ளே ஒரு கலர் டி.வி., ஒரு வி.சி.ஆர்., தரையில் விரித்த கோணி. ஓட்டுகிறவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பகலில் எம்.ஜி.ஆர்., ரஜினி, அமிதாப். ராத்திரி பத்து மணிக்கு மேல் பெரியவர்கள் படம், டிக்கெட் 2 ரூபாய். பெண்களுக்கும் பையன்களுக்கும் இடமில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று இருந்தது. அதன் வழியாகத்தான் ராஜேஷ் கன்னாவைக் கொலைகாரனாக முதன்முதலில் பார்த்தேன்.

பகலில் பாய்க்கு எடுபிடி வேலை செய்துவந்ததால் அந்த கேசட்டைக் கையில் பிடித்தும் இருக்கிறேன். ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டே பாய் ஒரு விஷயம் காட்டித் தந்தார். டேப் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சில இடம் வந்ததும் திரையில் வெள்ளைப் புள்ளி கொட்டும், கோடு ஓடும், குரல் இழுக்கும். வேறு சில இடங்கள் நேற்றுதான் பதிவு செய்தது போல இருக்கும். “எங்க நிறுத்தி நிறுத்தித் திரும்ப ஓட்டுனாங்களோ அங்கதான்டா தேயும்” என்றார். படுக்கையறையும் கொலையும் வருகிற இடங்கள் பாதி அழிந்திருந்தன. கதாநாயகி கடையில் நிற்பது, தயங்குவது, இவனை நம்பலாமா என்று யோசிப்பது எல்லாம் துடைத்த கண்ணாடி மாதிரித் தெளிவு. அந்த இடங்களை யாரும் திருப்பி ஓட்டியிருக்கவில்லை.

ஒரு படம் எப்படி வரவேற்கப்பட்டது என்று கேட்டால் வசூலைச் சொல்வார்கள், விமர்சனத்தைச் சொல்வார்கள். எனக்கு அந்த டேப் இன்றுவரை மூன்றாவது சாட்சி.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்துக் கோலி மாமா சொன்னார்: “இது நம்ம கமல் படம்டா. ஊர்ல எப்பவோ பாத்தாச்சு.” நான் நம்பவில்லை. பம்பாயில் வளர்ந்த எங்களுக்கு இந்திதான் மூலம், தமிழில் வருவது அதைப் பார்த்து எடுத்தது என்று ஒரு நினைப்பு ஊறிப்போயிருந்தது. பல வருடம் கழித்து ஒரு வி.சி.டி.யில் ‘சிகப்பு ரோஜாக்கள்’ பார்த்தேன். மாமா சொன்னது சரி. நான் இரண்டாவதாகப் பார்த்ததுதான் முதல் படம்.

அந்த முதல் படம் 1978 அக்டோபர் 28-இல், தீபாவளியை ஒட்டி வந்தது. பாரதிராஜாவுக்கு அது மூன்றாவது படம். ‘16 வயதினிலே’, ‘கிழக்கே போகும் ரயில்’ இரண்டையும் பார்த்தவர்கள் இவருக்குக் கிராமம்தான் வரும் என்று முடிவுகட்டியிருந்த நேரம். வயல், ரயிலடி, மண்சாலை எதுவும் இல்லாமல், பட்டணத்துப் பங்களா, கார், கண்ணாடி அறை என்று ஒரு கதையை எடுத்துக் காட்டினார். தயாரிப்பு கே.ஆர்.ஜி., ஒளிப்பதிவு நிவாஸ், வசனம் கே. பாக்யராஜ், ஹோட்டல் சர்வராக ஒரு சின்ன வேடத்தில் பாக்யராஜே வருவார். இசை இளையராஜா. பாட்டு இரண்டே இரண்டு. மீதி நேரமெல்லாம் பின்னணி இசையின் ஆட்சி. அந்த இரண்டில் ஒரு பாட்டைக் கமலே பாடினார்.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திலீப் பணக்கார இளைஞன், பார்க்க லட்சணமானவன். பெண்களை வீட்டுக்கு அழைத்துவந்து, அனுபவித்து, கொன்று, தோட்டத்தில் புதைக்கிறான். அவர்கள் மேல் ரோஜாச் செடி பூக்கிறது. அவன் செய்வதைப் படமாகப் பார்த்து ரசிக்கிறார் அவனை வளர்த்த அப்பா. துணிக்கடையில் வேலை பார்க்கும் சாரதா, கல்யாணம் ஆகாமல் தொட விடமாட்டேன் என்கிறவள். அவளைக் கட்டிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொன்றாக அவளுக்குத் தெரியவருகிறது. கமலுக்கு அப்போது 24 வயது முடியவில்லை. சாரதாவாக வந்த ஸ்ரீதேவிக்கு வயது 15. இந்த எண்ணை எழுதும்போது கை நிற்கிறது. அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

படம் 175 நாள் ஓடியது. வெள்ளிவிழா. இத்தனைக்கும் கதாநாயகனே கொலைகாரன், சண்டை கிடையாது, குடும்பத்தோடு கிளம்பிப் போய்ப் பார்க்கிற படமும் இல்லை.

இந்தக் கதைக்கு வித்து எங்கள் ஊரிலிருந்து போனது என்று ஒரு பேச்சு உண்டு. 1968-இல் பம்பாயின் வடக்குப் புறநகர்களை நடுங்கவைத்த ராமன் ராகவ் வழக்குதான் பாரதிராஜாவின் கதைக்குத் தூண்டுதல் என்பார்கள். ராமன் ராகவ் தமிழன் என்பதால் அந்தப் பெயரை எங்கள் வீடுகளில் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். குடிசைகளிலும் நடைபாதையிலும் தூங்கியவர்களை இரும்பால் அடித்துக் கொன்றவன். அந்த ஆண்டு ஆகஸ்டில் பிடிபட்டான். வாக்குமூலம் கொடுக்கும் முன் கோழிக்கறி கேட்டான், பிறகு தேங்காய் எண்ணெயும் சீப்பும் கண்ணாடியும் கேட்டான் என்பது பம்பாய் போலீஸ் கதைகளில் இன்றும் வரும். தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 1995-இல் புனேயில் சிறுநீரகக் கோளாறால் செத்துப்போனான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒட்டுவது குறைவு. நிஜத்தில் கொன்றவனும் ஏழை, செத்தவர்களும் ஏழை. தாழ்ப்பாள் போட வீடு இல்லாததால் செத்தவர்கள் அவர்கள். படத்தில் கொல்கிறவனுக்குப் பங்களாவும் தோட்டமும் இருக்கின்றன. சாகிறவர்கள் அந்த வீட்டுக்குள் தாங்களே நடந்துவந்தவர்கள். வித்து பம்பாயிலிருந்தே போயிருந்தாலும், முளைக்கும்போது வர்க்கம் மாறிவிட்டது. பார்க்கிறவனின் பயமும் கூடவே மாறிவிட்டது. எங்கள் அம்மா அறுபத்தெட்டில் பயந்தது கதவில்லாத ராத்திரிக்கு. படம் பயமுறுத்துவது பூட்டிய கதவைக் காட்டி.

தெலுங்குக்குப் போன பயணம் சீக்கிரம் முடிந்தது. 1979-இல் ‘எர்ர குலாபீலு’ என்று டப் செய்து வெளியிட்டார்கள். அங்கேயும் நன்றாக ஓடியது. அதே கமல், அதே ஸ்ரீதேவி, அதே நிவாஸ், அதே ராஜா. மாறியது நாக்கு மட்டும்.

அடுத்தது இந்தி. அந்தக் காலத்தில் மதராஸிலிருந்து பம்பாய்க்குக் கதை போவது அன்றாட வியாபாரம். ராஜேஷ் கன்னாவுக்கே அந்த வழி பழக்கம்தான். 1971-இல் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த ‘ஹாத்தி மேரே சாத்தி’ அவருடைய பெரிய வெற்றிகளில் ஒன்று. அதையே அடுத்த வருடம் தேவர் எம்.ஜி.ஆரை வைத்து ‘நல்ல நேரம்’ ஆக்கினார். பாரதிராஜாவுக்கோ பம்பாய் அனுபவம் கசப்பு. 1979-இல் ‘16 வயதினிலே’யை ‘சோல்வா சாவன்’ என்று எடுத்தார். அமோல் பாலேகரும் ஸ்ரீதேவியும் நடித்தார்கள், படம் போகவில்லை. அடுத்த வருடமே ‘ரெட் ரோஸ்’. திலீப் ஆனந்த் ஆனான். வேடம் ராஜேஷ் கன்னாவுக்கு. சாரதா ஷாரதா ஆனாள். ஸ்ரீதேவிக்குப் பதில், ‘நூரி’யில் ஜெயித்திருந்த பூனம் தில்லான். வளர்ப்புத் தந்தையாக சத்யேன் கப்பு. இசை ஆர்.டி. பர்மன். படம் தோற்றது.

ஏன் தோற்றது என்பதற்குச் சுலபமான ஒரு பதிலைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: வயது வந்தோருக்கான படம், வக்கிரமான விஷயம், இந்தி ரசிகர்களுக்கு ஒத்துவரவில்லை. நான் இதை ஏற்கமாட்டேன். அதே 1980-இல்தான் பி.ஆர். சோப்ராவின் ‘இன்சாஃப் கா தராஸு’ வந்தது. பாலியல் வன்முறையை நடுவில் வைத்த படம், வேற்றுநாட்டுப் படத்தைத் தழுவியது, பெரிய வெற்றி. விஷயம் கசந்ததால் ஜனங்கள் ஓடவில்லை.

என் கணக்கில் முதல் காரணம் முகம். 1969-லிருந்து மூன்று வருடம் இந்த நாடு ராஜேஷ் கன்னாவின் முகத்தைக் காதலித்திருக்கிறது. அவர் தலையைச் சாய்த்துக் கண்ணைச் சிமிட்டினால் பெண்கள் ரத்தத்தில் கடிதம் எழுதிய காலம் அது. 1980-இல் அவருக்கு 37 வயது. அதே சாய்வு, அதே சிரிப்பு, கையில் கத்தி. தங்கள் பழைய காதலையே யாரோ அசிங்கப்படுத்துகிற மாதிரி ரசிகர்களுக்குப் பட்டிருக்கும். துணிந்து நடித்தார், அதை மறுக்கக் கூடாது. பல இடங்களில் அவர் கண் நிஜமாகவே கலங்கவைக்கும். கமலுக்கு இந்தப் பாரம் இல்லை. அவர் முகம் அப்போதுதான் எழுதப்பட்டுக்கொண்டிருந்த முகம். பதின்மூன்று வருடம் கழித்து ‘பாஸிகர்’ படத்தில் ஒரு நாயகன் காதலியை மாடியிலிருந்து தள்ளிக் கொன்றான். இந்தி ரசிகர்கள் கைதட்டினார்கள். ஷாருக் கானுக்கும் அப்போது எழுதி முடியாத முகம்தான்.

வயதிலும் இது தெரியும். பதினெட்டு வயதுப் பூனம் தில்லானுக்குப் பக்கத்தில் முப்பத்தேழு வயதுக்காரர் நின்றால், இவன் ஆபத்தானவன் என்று கதை சொல்வதற்கு முன்பே பார்வையாளனுக்குத் தோன்றிவிடும். கமலும் ஸ்ரீதேவியும் சேர்ந்து நிற்கும்போது ஜோடிப் பொருத்தம் அழகு என்றுதான் தோன்றும். அந்த அழகில்தான் பயமே இருந்தது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். தெலுங்குக்கு முழுப் படமும் போனது. இந்திக்குக் கதை மட்டும் போனது. ‘சிகப்பு ரோஜாக்கள்’ தமிழில் சாரதாவின் படம். இளையராஜாவின் இசை கொலைகாரனோடு சேர்ந்து போகாமல் அவள் காலடியோடு போகும். மாடிப்படியில் அவள் ஒவ்வொரு படியாக ஏறும்போது நம் நெஞ்சில்தான் மிதிப்பாள். வீட்டை விட்டு வேலைக்கு வந்த பெண், சம்பளப் பெண், தன்னைத் தானே காத்துக்கொள்ளப் பழகிய பெண். 1978-இல் அப்படிப்பட்டவர்களை ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அப்போதுதான் பஸ் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தியில் படம் நட்சத்திரத்தின் படமாகிவிட்டது. ஷாரதா அவன் வீட்டுக்கு வருகிற இன்னொரு பெண். எங்கள் கேசட்டில் அவளுடைய காட்சிகள் தேயாமல் இருந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதை ஏன் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஒரு சாரதா இருந்தாள். சித்தி. 1976 மே 17-ஆம் தேதி, எமர்ஜென்சி காலத்தில், அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு நிலம் வேண்டும் என்று நாங்கள் இருந்த ஜனதா காலனியைக் காலிசெய்து, கிட்டத்தட்ட 70,000 பேரை இந்தச் சீத்தா கேம்ப்பின் கழிமுகச் சேற்றில் கொண்டுவந்து விட்டார்களே, அப்போது எனக்கு இரண்டு வயது, சித்திக்குப் பதினாறு. ஜனதா காலனியைக் காப்பாற்ற வருடக்கணக்கில் போராடிய ஜோக்கின் அற்புதத்தின் ஊர்வலங்களில் நடந்தவள். குடும்பத்துக்கு 10-க்கு 15 அடி மனை. சதுப்பில் கல் போட்டுக் குடிசை எழும்பிய மறுமாதமே சித்தி செம்பூரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். ரவிக்கைத் துணி கிழிக்கிற வேலை. துணி வாங்காமல் தினமும் வந்து நிற்கிற ஆண்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி ராத்திரி அம்மாவிடம் மட்டும் சொல்வாள். கடைக்காரரிடம் சொன்னபோது, சிரித்த முகமாக நின்றால்தான் வியாபாரம் ஆகும் என்று பதில் வந்தது. மான்கூர்ட் வரை திரும்பி வருகிற பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காரமாட்டாள்.

அவள் இந்த இரண்டு படத்தையும் பார்க்கவே இல்லை. தமிழ்ப் படம் என்றால் மாட்டுங்கா அரோரா தியேட்டருக்குப் போகவேண்டும், யார் கூட்டிப்போவார்கள்? பாய் ஷெட்டில் அவளுக்கு இடம் கிடையாது. 175 நாள் என்கிற கணக்கிலும் சரி, இந்தியின் தோல்விக் கணக்கிலும் சரி, சித்தி மாதிரிப் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களுடைய பயத்தை எடுத்துச் செய்த படத்தை அவர்கள் இல்லாத அறையில் ஓட்டினோம்.

தமிழ்ப் படத்தின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறையும் இங்கேதான். ஸ்டைலில் அது அன்றைய தமிழ் சினிமாவைப் பத்து வருடம் முன்னால் தள்ளியது. திடீர் வெட்டுகள், உறைந்து நிற்கும் சட்டகங்கள், அந்தக் கறுப்புப் பூனை, நிவாஸின் வெளிச்சம் எல்லாம் இன்றும் பழசாகவில்லை. ஆனால் திலீப் ஏன் இப்படி ஆனான் என்று கேட்டால் படம் பெண்களைக் கைகாட்டுகிறது. சின்ன வயதில் ஒரு பெண் அவன்மேல் பழி போட்டாள். இன்னொருத்தி கணவனுக்குத் துரோகம் செய்தாள். துரோகம் செய்த அந்த மனைவியை அவள் கணவனான முதலாளி குத்தும்போது, இன்னும் குத்துங்கள் என்று அந்தச் சிறுவன் தூண்டுகிறான். அந்த வசனத்தை இன்று பையன்கள் செல்போனில் சிரிப்புக்காக அனுப்பிக்கொள்கிறார்கள். ஒரு கொலைகாரனின் நோயைக் காட்ட எழுதிய வரி, நோய் உதிர்ந்து வரி மட்டும் தப்பிப் பிழைத்து ஊர் சுற்றுகிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடையில் நிற்கிற நல்ல மனிதர்கள்கூட அதைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

இங்கிலாந்தில் 1960-இல் மைக்கேல் பவல் எடுத்த ‘பீப்பிங் டாம்’ படத்திலும் பெண்களைக் கொல்வதைப் படம்பிடிக்கிற ஒருவன் வருகிறான். விமர்சகர்கள் அந்தப் படத்தைக் கிழித்தார்கள். பவலின் தொழிலே ஏறக்குறைய முடிந்தது. ஏறத்தாழ இருபது வருடம் கழித்து மார்ட்டின் ஸ்கார்செஸி போன்றவர்கள் அதைத் தூக்கிப் பிடித்தபின் இன்று அது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ‘ரெட் ரோஸ்’ அந்த உயரத்துக்குப் போகவில்லை. ஆனாலும் அதற்கும் தாமதமாக ஒரு கூட்டம் சேர்ந்தது. 2012 ஜூலையில் ராஜேஷ் கன்னா இறந்தபின் அவர் செய்த வித்தியாசமான வேடங்களைத் தேடியவர்கள் இதைக் கண்டெடுத்தார்கள். காலத்தை மீறிய படம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது சரியான கதை, தவறான முகத்தில், பாதி உயிரோடு வந்து சேர்ந்த படம். பாரதிராஜாவும் அதோடு இந்தியை விட்டுவிடவில்லை. ‘லவ்வர்ஸ்’, ‘சவேரே வாலி காடி’ என்று முயன்றார். தமிழில் ‘அலைகள் ஓய்வதில்லை’ அவருக்கு மறுபடி திருவிழாவாக அமைந்தது.

பாய் ஷெட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. அந்த கேசட் எங்கே போனது என்று தெரியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம் டி.வி.யில் ‘சிகப்பு ரோஜாக்கள்’ போட்டார்கள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தாள். எழுபதைத் தாண்டியவள், முதல் தடவையாக. நான் வாயைத் திறக்கவில்லை. படுக்கையறைக் காட்சி வந்தபோது அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டாள். சாரதா கடையில் நிற்கும் காட்சிகளில் முறம் நின்றுவிட்டது. “உன் சித்தி மாதிரியே நிக்குறா பாரு, காலை மாத்தி மாத்தி” என்றாள். சாரதா அந்த வீட்டில் ஒவ்வொரு கதவாகத் திறக்கும்போது, “வெளிய வாடி, வெளிய வா” என்று டி.வி.யைப் பார்த்து மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் திலீப் புத்தி பேதலித்துச் சாரதாவின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பான். அவன்மேல் இரக்கம் வரவேண்டும் என்று எடுத்த காட்சி. இரண்டு மொழியிலும் பார்த்திருக்கிறேன், எனக்கும் இரக்கம் வந்திருக்கிறது.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஏண்டா, அந்தத் தோட்டத்துல கெடக்குற பிள்ளைங்க பேரு ஒண்ணுகூடவா அவனுக்கு ஞாபகம் இல்ல?”